எட்டாவது வண்டிச் சரளை

நாலு மூலை பாக்கி நிக்குதே. ஏழு வண்டிச் சரளையும் தீந்து போச்சே. நம்ம கைதான் எங்கிட்டோ பிசகிருக்கு. வடக்குப் பக்கம் கனமா எறச்சுட்டமோ? இல்லையே, மூணு விரக்கடைக்கு மேல போகலையே, கூடைக்கு ஒருக்கா வெரல வச்சு வச்சுத்தானே பாத்தேன்...

பொன்னுத்தாய் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பதினாறு வயதிலிருந்து மண் சுமக்கிறவள். கண்மாய் வெட்டியிருக்கிறாள், ரோட்டுக்குச் சரளை விரித்திருக்கிறாள். ஒரு வேலையில் மண் குறைந்தால் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவாள். கூட வேலை பார்த்த செங்கமலத்துக்கு அந்தச் சுபாவம் கிடையாது.

"ஏ மதினி, என்னத்த ரோசிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்க? சரளை பத்தல, அம்புட்டுத்தான். போயி இன்னொரு வண்டி கேளு. பள்ளிக்கூடத்துக்காரவுகளுக்குக் கணக்கா தெரியாது?"

அவர்கள் பாதை போட்டுக்கொண்டிருந்தது சரளைக்குறிச்சி உயர்நிலைப் பள்ளித் தோட்டத்தைச் சுற்றி. அறுபத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம். அந்த வருஷம் கல்வி இலாகாவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பிள்ளைகள் கணக்கைக் கண்ணால் காண வேண்டும், கையால் தொட வேண்டும், முடிந்தால் காலால் மிதிக்க வேண்டும். அதற்குப் பாடப்புத்தகத்தில் உள்ள கணக்கு ஒன்றைப் பள்ளிக்குள்ளேயே நிஜமாகச் செய்து காட்ட வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்வையிடுவார்.

தலைமையாசிரியர் ஆத்மநாதன் பத்தொன்பது வருஷ சர்வீஸில் எந்தச் சுற்றறிக்கையையும் மீறியதில்லை. முதல் பாரத்து, அதாவது ஆறாம் வகுப்பு, கணக்குப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குத் தேடினார். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் சந்திக்கும் கணக்கு இருந்தது. ரயில் கிடைக்கவில்லை. ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்ப, ஒரு குழாய் காலி செய்யும் கணக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் தொட்டியும் இல்லை, குழாயும் இல்லை, தண்ணீரும் இல்லை. கடைசியில் ஒன்பதாம் பாடம் பதினாலாம் கணக்கு அகப்பட்டது. 'நாற்பது அடி நீளமும் முப்பது அடி அகலமும் உள்ள ஒரு தோட்டத்தைச் சுற்றி, வெளிப்புறமாக ஐந்து அடி அகலத்தில் ஒரு பாதை உள்ளது. பாதையின் பரப்பு என்ன?' செடி இல்லாத தோட்டம் ஒன்று அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. கயிறு பிடித்து, நாற்பதுக்கு முப்பது என்று அதை அளவாக்கினார்கள். பாதை மட்டுந்தான் பாக்கி.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஜூன் மாதம் புத்தகம் வந்தவுடன், பின்னால் இருக்கும் விடைப் பக்கங்களைப் பிள்ளைகளின் புத்தகங்களிலிருந்து பிளேடால் அறுத்து எடுத்துத் தலைமையாசிரியரின் பீரோவில் பூட்டிவிடுவார்கள். ஒரே ஒரு முழுப் புத்தகம் கணக்கு வாத்தியார் ஆண்டியப்பனிடம் இருக்கும். விடைப் பக்கத்தைப் பிரிக்கும்போது அவர் செருப்பைக் கழற்றிவிடுவார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் கழற்றினார், அதனால் இவரும் கழற்றினார்.

பொன்னுத்தாய் வகுப்பு வாசலில் போய் நின்றாள்.

"வாத்தியாரய்யா, நாலு மூலையும் பாக்கி நிக்குதுங்க. இன்னொரு வண்டி வேணும்."

ஆண்டியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தைப் பிரித்தார். "பதினாலு... எழுநூறு சதுர அடி. நூறு அடிக்கு ஒரு வண்டி. ஏழு வண்டி வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"ஏழையும் எறச்சுட்டியா?"

"எறச்சுட்டேங்க."

"அப்ப பாதை முடிஞ்சு போச்சு."

"மூலைங்க..."

"பாதை முடிஞ்சப்பறமும் ஒண்ணு மிச்சம் நிக்குதுன்னா, அது பாதை இல்லம்மா. புரியுதா?"

புரியவில்லை. "சரிங்க," என்றாள். படித்தவர்கள் சொல்வது புரியாதபோது சரிங்க என்று சொல்ல அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அது தானாகவே வந்தது.

ஆனால் மனம் கேட்கவில்லை. பாதி விரித்த இடத்தை விட்டுவிட்டுப் போவது அவளுக்குப் பாதி பின்னிய சடையோடு தெருவில் நடப்பது மாதிரி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே சரளை மேடு கிடக்கிறது. அந்த ஊரில் மண்ணைவிடச் சரளைதான் அதிகம். மறுநாள் காலையில் பத்துக் கூடை சுமந்து வந்து வடகிழக்கு மூலையை நிரப்பிவிட்டாள். கூலி கேட்கிற எண்ணம் இல்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஆத்மநாதன் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, யாரைக் கேட்டுப் போட்ட?"

"சும்மா கெடக்குற சரளைதானுங்க."

"சரளை சும்மா கிடக்கலாம். நீ சும்மா கிடக்கணும்ல? இன்ஸ்பெக்டர் டேப்பு வச்சு அளந்தா எழுநூறுக்கு மேல வரும். புத்தகம் பொய்யின்னு ஆகும். என் பள்ளிக்கூடத்துல புத்தகம் பொய்யாகலாமா? எடு. எடுக்கிறதோட விட்டுறாத. நாலு மூலையையும் ஒரு முழம் தோண்டி விடு. அது பாதை இல்லைன்னு பார்த்த உடனே தெரியணும்."

அவளே தோண்டினாள். தோண்டும்போது தன் வேலையைத் தானே அழிக்கிறோம் என்று அவளுக்கு வருத்தம் வரவில்லை. பயம்தான் வந்தது. இத்தனை படித்தவர்கள் ஒன்றைச் சொல்லும்போது இருபது வருஷமாக இந்தக் கைக்குத் தெரிந்தது எல்லாம் தப்பாக இருக்குமோ? இதுவரை போட்ட ரோடெல்லாம் எங்கேயாவது நீண்டு போயிருக்குமோ?

அவள் மகள் செவந்தி அதே பள்ளியில் முதல் பாரம். புருஷன் மூக்கன் பாம்பு கடித்துச் செத்து நாலு வருஷம் ஆகிறது. இந்தப் பெண் படிப்பில் தேறினால் டீச்சர் வேலை. தேறாவிட்டால் தலைக்குச் சும்மாடும் கைக்குக் கூடையும். நடுவில் வேறொன்றும் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

காலாண்டுப் பரீட்சையில் பதினாலாம் கணக்கு வந்தது. செவந்தி எண்ணூறு என்று எழுதினாள். கணக்குக்குப் பத்து மார்க்கு. வாத்தியார் ஒரு முட்டை போட்டு, அதற்குள் இரண்டு கண்ணும் வரைந்திருந்தார்.

"எப்புடிடி எண்ணூறு வந்துச்சு?" என்றாள் பொன்னுத்தாய்.

பெண் வாசலில் குச்சியால் கோடு கிழித்தாள். "வெளிக்கட்டம் அம்பதுக்கு நாப்பது, ரெண்டாயிரம். உள்ள தோட்டம் மட்டும் ஆயிரத்து எரநூறு. கழிச்சா எண்ணூறு. புத்தகத்துல என்ன பண்ணிருக்கான்னா, நாலு பக்கத்தையும் தனித்தனியாப் பெருக்கிக் கூட்டிட்டான். மூலைய மறந்துட்டான் ஆத்தா."

"எனக்கு இந்தப் பெருக்கலெல்லாம் வேணாம். மூலைய மட்டும் சொல்லு. ஒண்ணு என்ன அளவு?"

"அஞ்சுக்கு அஞ்சு."

"நாலையும் ஒட்டிப் போடு."

செவந்தி நாலு சதுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்தாள். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து.

பொன்னுத்தாய் குனிந்து பார்த்தாள். பத்தடிக்குப் பத்தடி. கண்மாய் வெட்டில் ஓவர்சியர் அளந்து கொடுக்கிற ஒரு குழி. வெட்ட ஒரு ஆம்பிளை, சுமக்க ஒரு பொம்பிளை, ஒரு பகல் முழுவதும். எத்தனை நூறு குழி சுமந்திருக்கிறாள்! அதன் அகலம் அவள் இடுப்புக்குத் தெரியும், கழுத்துக்குத் தெரியும்.

"இது ஒரு குழிடி," என்றாள். "ஒரு முழுக் குழிய மறந்துட்டானா?"

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கியது. கை பிசகவில்லை.

மறுநாள் செவந்தி இதையே வகுப்பில் எழுந்து சொன்னாள். ஆண்டியப்பன் பலகையில் வரைந்து பார்த்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். நெற்றி வேர்த்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. கணக்கும் ஓரளவு தெரியும். அதனால்தான் அவருக்கு வேர்த்தது. தலைமையாசிரியரிடம் போனார். தலைமையாசிரியர் இலாகாவுக்கு எழுதினார். ஆறு வாரத்தில் பதில் வந்தது:

'மேற்படி புத்தகம் இவ்விலாகாவால் அங்கீகரிக்கப்பட்டது. அதில் விடை தவறாக இருந்திருந்தால் அது அங்கீகரிக்கப்பட்டிராது. அங்கீகரிக்கப்பட்டிருப்பதால் விடை சரி. பள்ளிகள் விடைகளைச் சரிபார்க்கத் தேவையில்லை. விடைகளே பள்ளிகளைச் சரிபார்க்கும்.'

ஆத்மநாதன் அதை மூன்று தரம் படித்தார். "என்ன தெளிவு பாருங்க," என்றார் ஆண்டியப்பனிடம்.

தெளிவு வந்த பிறகு செயல் வர வேண்டுமே. ஐப்பசி பிறந்து மழை விழுந்து, நாலு மூலைக் குழியிலும் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் பாதையில் நடந்துவந்து மூலையில் சேற்றை மிதித்துவிட்டால் அங்கே ஓர் இடம் இருப்பதாக ஆகிவிடும். ஆகவே டிரில் வாத்தியார் தினமும் சாயங்காலம் பழக்கினார். வரிசையாக நடக்க வேண்டும். மூலை வந்ததும் விசில். நில். தாவு. தோட்டத்தின் முனையில் சரளையும் சரளையும் தொட்டுக்கொள்கிற அந்த ஒரு புள்ளியில் ஒற்றைக் காலை ஊன்றி அந்தப் பக்கம் போய்விட வேண்டும். கீழே பார்க்கக் கூடாது. இரண்டு பிள்ளைகளுக்குக் கணுக்கால் பிசகியது. ஒருத்தன் பல்லை உடைத்துக்கொண்டான். வருகைப் பதிவேட்டில் 'கணக்குப் பயிற்சியில் காயம்' என்று எழுதினார்கள்.

செங்கமலம் வேலிக்கு வெளியே நின்று இதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "மதினி, நீ தோண்டுன குழியப் புள்ளைக நாலு வாத்தியாரு காவலோட தாண்டுதுக. கோயில்ல பூக்குழி எறங்குறதுக்குக்கூட இம்புட்டு ஏற்பாடு இல்லடி."

"சிரிக்காதடி."

"நான் எங்க சிரிச்சேன்? வயித்தெரிச்சல்ல சொல்றேன்."

கார்த்திகையில் இன்ஸ்பெக்டர் வந்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சாணி தெளிக்க, தோரணம் கட்ட என்று ஆள் கூப்பிட்டிருந்ததால் பொன்னுத்தாயும் அங்கே இருந்தாள்; தண்டவாள மணிக்குப் பக்கத்தில், துடைப்பத்தோடு. இன்ஸ்பெக்டர் தெற்குப் பாதையில் நின்று பேசினார்.

"மாணவச் செல்வங்களே! கணக்கு என்பது என்ன? கணக்கு என்பது கீழ்ப்படிதல். இரண்டும் இரண்டும் நான்கு என்கிறோம். ஏன்? நான்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள், சொல்கிறோம். ஐந்து என்று சொல்லிக்கொடுத்திருந்தால்? கூசாமல் சொல்லியிருப்போம். அதுதான் ஒழுக்கம். நான் முதல் பாரத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன். வாழ்க்கையில் ஒரு கணக்கைக்கூட நான் போட்டதில்லை. விடைகளை மனப்பாடம் செய்தேன். முட்டாள்கள் வழியைத் தேடுவார்கள். நான் நேராக விடைக்குப் போனேன். அதனால்தான் இன்று இலாகாவின் சார்பில் உங்கள் முன்னால் நிற்கிறேன்!"

கைதட்டினார்கள். அவர் கும்பிட்டபடியே மேற்குப் பாதைக்குத் திரும்பினார். அவருக்கு யாரும் டிரில் பழக்கியிருக்கவில்லை.

முழங்கால் வரை போய்விட்டது. ஒரு பூட்ஸ் உள்ளே தங்கிவிட்டது. ஆத்மநாதனும் பியூன் நாகராசுவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"நான் விழவில்லை," என்றார் இன்ஸ்பெக்டர், சேற்றில் நின்றபடியே. "நான் பாதையில் நடந்தேன். பாதையில் எந்தக் குறையும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

"ஆனால் இது என்ன இடம்?"

சொன்னால் இடம் இருப்பதாக ஆகும். சொல்லாவிட்டால் மேலதிகாரி கேட்டதற்குப் பதில் இல்லை. ஆத்மநாதனின் பத்தொன்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு சங்கடம் வந்ததில்லை. அப்போது முதல் பாரத்து வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பொன்னுத்தாய்க்கு அந்தக் குரல் தெரியும். துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மூலைங்கய்யா. புத்தகத்துல விட்டுப்போன நூறு அடியில இது இருவத்தஞ்சு அடி. நீங்க அதுலதான் நிக்கிறீங்க."

செவந்தி குறும்பாகச் சொல்லவில்லை. கேட்டார், தெரிந்தது, சொன்னாள். அதைத்தான் யாராலும் மன்னிக்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து அவளை வகுப்பின் மூலையில் நிற்க வைத்தார்கள். அந்தப் பள்ளியில் மூலை என்று ஒன்று இருப்பதை அவர்கள் ஒப்புக்கொண்டது அந்த ஒரு காரியத்தில்தான். எட்டு நாள் நின்றாள். நின்றபடியே பலகையில் எழுநூறு என்று எழுதி, அழித்து, மறுபடி எழுத வேண்டும். ஒரு நாள் பொன்னுத்தாய் உலை வைத்துக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தாள். பெண் சுவரோரம் உட்கார்ந்து தொடையின்மேல் விரலால் எழுதிக்கொண்டிருந்தது. ஏழு, சுழி, சுழி. ஏழு, சுழி, சுழி. யாரும் எழுதச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் நாகராசு வந்து கூப்பிட்டான். "ஒன்னய எட்மாஸ்டர் வரச் சொன்னாரு. ஒண்ணுமில்ல, ஒரு கைநாட்டுத்தான். சட்டுன்னு வா."

அறையில் ஆத்மநாதன் கனிவாகவே இருந்தார். செவந்தி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றது. ஆண்டியப்பன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொன்னுத்தாயி, நான் ஒன் மகளுக்குக் கெடுதல் நினைக்கிறவன் இல்லை. இன்ஸ்பெக்டர் டி.சி.யைக் கிழிச்சுக் குடுன்னு எழுதியிருக்கார். நான்தான் மன்றாடி ஒரு வழி பண்ணியிருக்கேன். இதுல கை வச்சிட்டா வருஷக் கடைசியில ரெண்டாம் பாரம் நிச்சயம். படிக்கிறேன், கேளு."

படித்தார். "'எனது மகள் செவந்தி, பாதையின் பரப்பு எண்ணூறு என்று கூறியது அறியாமையாலும் வளர்ப்புக் குறையாலுமே ஆகும். மேற்படி பாதையைத் தன் கையால் போட்ட கூலியாள் என்ற முறையில், அதற்கு மூலைகள் கிடையாது என்றும், ஏழு வண்டிச் சரளையில் அது பூரணமாக முடிந்தது என்றும் நான் சத்தியமாக உறுதி கூறுகிறேன்.'"

"நான் எதுக்குங்க சொல்லணும்?" என்றாள் பொன்னுத்தாய். "நீங்கள்லாம் படிச்சவுக. நீங்களே சொல்லலாம்ல?"

"நாங்க சொன்னா அது அபிப்பிராயம். போட்டவளே சொன்னா அது ஆதாரம். இலாகாவுக்கு ஆதாரம் வேணும்மா." செவந்தியின் பக்கம் திரும்பினார். "எங்க, ஆத்தாகிட்டச் சொல்லு. பாதை எவ்வளவு?"

"எழுநூறு சார்," என்றது பெண். கேள்வி முடியுமுன்பே வந்துவிட்டது.

"பாத்தியா? பிள்ளை கத்துக்கிருச்சு."

பொன்னுத்தாய் மகளைப் பார்த்தாள். செவந்தி தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. "வச்சுரு ஆத்தா," என்றது மெதுவாக. "என்னமோ ஒரு நம்பருதானே. நான் ரெண்டாம் பாரம் போகணும்."

வாசலில் குச்சியால் கோடு கிழித்த பெண் இல்லை இது. பொன்னுத்தாய்க்கு வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது. பெண் பாஸாக வேண்டும் என்றுதான் இத்தனை மண்ணும் சுமந்தாள். வைத்துவிட்டால் பாஸ். இந்தப் படிப்புக்கு அடுத்த படிப்பு, அதற்கு அடுத்தது, அப்புறம் டீச்சர். டீச்சராகி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தைப் பிரித்து, எவளோ ஒருத்தியின் பிள்ளையிடம்...

நாகராசு அவள் கையைப் பிடித்துக் கட்டைவிரலை மை அட்டையில் அழுத்தித் தூக்கினான். இருபது வருஷத்தில் அந்த விரல் எத்தனையோ மஸ்டர் ரோலில், கூலிப் பட்டியலில், பதிந்திருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இதில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அவர்களே படித்துக் காட்டிவிட்டார்கள்.

"இங்கிட்டு வையி," என்று காகிதத்தின் கீழ்ப்பக்கம் காட்டினான் நாகராசு.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். மை படிந்த விரலை மற்ற நாலு விரலுக்குள் மடக்கிக்கொண்டாள்.

"என்னம்மா?"

"நான் போட்டவங்க," என்றாள். குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியும்."

"ஒன் மகள் படிப்பு போயிரும்."

"சரிங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"சரிங்க," என்றாள் மறுபடியும். ஆனால் கை விரியவில்லை. இந்த மாதிரி ஒரு சரிங்கவை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. அதை எந்த ஏட்டில் எழுதுவது என்று தெரியாமல் ஆத்மநாதன் பேனாவை மூடித் திறந்தார். ஆண்டியப்பன் ஜன்னலிலிருந்து திரும்பவே இல்லை.

பொன்னுத்தாய் நாகராசுவிடம் கேட்டாள். "கையக் கழுவணும். தண்ணி எங்கிட்டு இருக்கு?"

"பானைத் தண்ணி வாத்தியாருக குடிக்கிறதுக்கு."

அவள் வெளியே வந்தாள். செவந்தி பின்னால் வரவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. பாதையில் நடந்து வடகிழக்கு மூலைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மண்டி அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. விரலை விட்டுத் தேய்த்தாள். மை லேசில் போகவில்லை. அடியிலிருந்து ஒரு பிடி சரளை மண்ணை எடுத்து வைத்து, அவசரப்படாமல், மறுபடி தேய்த்தாள்.